ரெண்டு போனும் அடித்தால் விளம்பரம்

அடிக்கிறது. என் போன். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள், தொட்டில் சேலைக்கு வெளியே கால் கட்டைவிரல் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, சரியாக இப்போது பார்த்து அடிக்கிறது. அரிசி டிரம் மூடிமேல் வைத்தால் டிரம்மும் சேர்ந்து உறுமும் என்று தெரியும், ஆனால் இந்த வீட்டில் சிக்னல் பிடிக்கிற இடம் அது ஒன்றுதான், வேறெங்கே வைக்க. தெரியாத நம்பர். பொறு மேகலா, கொஞ்சம் பொறு, பக்கத்துப் போனைப் பார். பக்கத்தில் சுகுணாக்கா போன், கண்ணாடி கீறல் விட்டு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய போன், வாயைத் திறக்காமல் படுத்திருக்கிறது. அடி, நீயும் அடி, அடித்துத் தொலை. அடிக்கவில்லை. அப்படியென்றால் இது நிஜப் போனா? மாமாவா? இல்லை ஆஸ்பத்திரியா? கை ஈரத்தை நைட்டியில் துடைத்தபடியே எடுத்துவிட்டேன். "வணக்கம் மேடம், உங்களுக்காகவே ஒரு தனிநபர் கடன்..." அதே பொம்பிளை, மூச்சே விடாமல் பேசுகிற மெஷின் பொம்பிளை. இவளுக்கு இருமல் சளி என்று ஒரு நாளும் வராதா? வைத்தேன். வைத்த கை இன்னும் டிரம் மேலேயே இருக்கிறது, சுகுணாக்கா போன் உறும ஆரம்பிக்கிறது. என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அப்பாடா. விளம்பரம்.

இந்த அப்பாடாவை நானே கண்டுபிடித்தேன். என் வீட்டுக்காரர் பூபதி மாமாவும் சுகுணாக்கா வீட்டுக்காரர் தனசேகர் அண்ணனும் ஒரே ரிக் வண்டியில் போர்வெல் போடப் போகிறவர்கள். மாமா டிரில்லர், அண்ணன் வண்டியோட்டி, மேனேஜரும் அவர்தான். முதல்முறை மத்தியப் பிரதேசம் கிளம்பினபோது திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குடை விரித்து சிம் விற்றுக்கொண்டிருந்தவனிடம் நானும் அக்காவும் சேர்ந்து போய் வாங்கினோம். ஒரே நம்பர், கடைசி எண் மட்டும் எனக்கு நாலு, அக்காவுக்கு அஞ்சு. அக்காள் தங்கச்சி நம்பர் என்று அவன்கூடச் சிரித்தான். விளம்பரக்காரர்கள் நம்பரை வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார்கள் போல, எனக்கு வந்த கையோடு அவளுக்கு வரும். மற்ற நாளில் இது எங்களுக்குச் சிரிப்பு. "இப்ப எனக்கு வீடு கட்ட மனை வந்துச்சுக்கா, உங்களுக்கும் வருது, ரெடியா இருங்க" என்று காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன். அங்கே அடிக்கும். "ஏம்புள்ள, உன்னோட மனைக்குப் பக்கத்துலயே குடு, சேந்தே இருந்துக்கலாம்" என்பாள். எடுக்காமல் விடலாமே என்று என் தம்பி கேட்கிறான். அவனுக்கென்ன தெரியும். மாமா இருக்கிற காட்டில் அவர் போனுக்கு சிக்னல் கிடையாது. போர் போடச் சொன்ன தோட்டத்துக்காரன் போன், டீக்கடைக்காரன் போன், டீசல் கொண்டு வருகிறவன் போன், யார் கையில் கிடைக்கிறதோ அதில்தான் பேசுவார். ஊர் பேர் தெரியாத நம்பர் எல்லாமே எனக்கு மாமா. அதனால்தான் ஒன்றையும் விடமுடியாது. எடுத்தால் ஹலோகூடச் சொல்லமாட்டார், "சாப்டியா" என்றுதான் ஆரம்பிப்பார். என்னை மேடம் என்று கூப்பிடுகிறவர்கள் விளம்பரக்காரர்கள் மட்டும்தான்.

இன்றைக்குச் சிரிப்பு இல்லை. காலையில் பாப்பாவுக்கு ராகிக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன், பாதி அவள் வாயில், பாதி என் தலைமுடியில். சுகுணாக்கா வந்து வாசல்படியிலேயே நின்றாள். உள்ளே வாங்கக்கா என்றேன், வரவில்லை. வண்டி ஆபீஸிலிருந்து மாரப்பண்ணன் போன் பண்ணினாராம். குழிக்குள் இரும்பு ராடு இறக்கும்போது ஒருத்தருக்கு அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், வண்டியில் இருக்கிற சோம்ரா என்கிற ஜார்க்கண்ட் ஆள் சொன்னானாம், அவன் பேசினதில் பாதி புரியவில்லையாம். "அடிபட்டது நம்ம ஆளுன்னு மட்டும் புரிஞ்சுதாம் மேகலா." நம்ம ஆள். அந்த வண்டியில் மற்றவர்கள் எல்லாம் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர். நம்ம ஆள் என்றால் ரெண்டே பேர். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், பார்த்தவுடன் ரெண்டு பேரும் வேறெங்கோ பார்த்தோம். நான் பாப்பா வாயைத் துடைத்தேன். துடைத்த வாயையே திரும்பத் திரும்பத் துடைத்தேன், அவள் அழுகிற வரைக்கும். அப்புறம் அக்கா தன் போனை என் கையில் வைத்தாள். "நான் தறிக்குப் போறேன். பட்டறைச் சத்தத்துல போன் கேக்காது. ரெண்டையும் நீயே வெச்சுக்க. எதுல வந்தாலும் எடு." "இன்னைக்கு ஒரு நாள் லீவு போடுங்கக்கா, இங்கயே உக்காருங்க" என்றேன். "உக்காந்தா உன் மூஞ்சிய நான் பாத்துக்கிட்டிருக்கணும், என் மூஞ்சிய நீ பாத்துக்கிட்டிருக்கணும். வேண்டாம் சாமி" என்றாள். போய்விட்டாள். நல்ல வேளை போனாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னையே ஒரு அறை விடலாம் போல இருந்தது.

மாரப்பண்ணனைக் கூப்பிட்டால் பிஸி, பிஸி, பிஸி. மாமா நம்பர் தொடர்பு எல்லைக்கு வெளியே. தனசேகர் அண்ணன் நம்பர் சுவிட்ச் ஆப். இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அடுப்பைப் பற்றவைத்துவிட்டு யோசித்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. எல்லைக்கு வெளியே என்றால் மாமா காட்டிலேயே வண்டிகிட்டே இருக்கிறார், நன்றாக இருக்கிறார். சுவிட்ச் ஆப் என்றால் அடிபட்டவர் போனை யாராவது வாங்கி ஆப் பண்ணி வைத்திருக்கிறார்கள். சரியாக வருகிறதே. அடுப்பைத் துடைக்கத் துணி எடுப்பதற்குள் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது மனசு. மாமா போன் காட்டிலேயே கிடக்கிறது, பாக்கெட்டிலிருந்து விழுந்து ராடுக்குப் பக்கத்தில் மண்ணில் கிடக்கிறது, மாமா ஆஸ்பத்திரியில். அண்ணன் போன் சார்ஜ் இறங்கிப்போயிருக்கிறது, அவர் எப்போது சார்ஜ் போட்டார், அக்கா தினமும் திட்டுவாளே. இதுவும் சரியாக வருகிறது. எப்படிப் போட்டாலும் சரியாக வருகிறது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கிழக்கே பார்த்தேன். எங்கள் வாசலிலிருந்து திருச்செங்கோட்டு மலை தெரியும், வெயிலில் சிவந்து, மேகம் இல்லாமல். கும்பிட்டேன். அர்த்தநாரீஸ்வரா, எங்க மாமாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது. சொல்லி முடிப்பதற்குள் சொன்னதோட மற்ற பாதி எனக்கே கேட்டுவிட்டது. இருக்கிறது ரெண்டு பேர். மாமாவுக்கு இல்லை என்றால் அப்புறம் யாருக்கு? அப்படிச் சொல்லலை சாமி, அப்படிச் சொல்லவே இல்லை, அழிச்சுக்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது. ஆனால் அடிபட்டது காலையிலேயே பட்டுவிட்டது, யாரோ ஒருத்தர் கட்டிலில் படுத்துவிட்டார், இப்போது கும்பிட்டு அவரை எழுப்ப முடியுமா? அப்படியானால் நான் கும்பிடுவதெல்லாம் பேரை மட்டும் மாற்றிக் கொடு என்பதற்குத்தானா? சோம்ராவுக்குத் தப்பாகத் தெரிந்திருக்கட்டும், மாரப்பண்ணன் தப்பாகக் கேட்டிருக்கட்டும், நம்ம ஆள் இல்லை, யாரோ முகம் தெரியாத ஆள். முகம் தெரியாத ஆளுக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாள், அவள் வீட்டிலும் இப்போது பால் பொங்கிக்கொண்டிருக்கும். கையைக் கீழே போட்டுவிட்டு அடுப்பைத் துடைத்தேன். பொங்கின பால் காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும்.

என் போன் அடிக்கிறது. இப்போது ஒரு ஆம்பளை, நல்ல உற்சாகம். "மேடம், உங்க குழந்தைக்குக் கம்ப்யூட்டர் கோடிங் கத்துக்குடுக்க ஆர்வம் இருக்குங்களா?" "என் குழந்தைக்கு இன்னும் கவுந்து படுக்கத்தான் தெரியும், முட்டி போடவே கத்துக்கல" என்றேன். "சின்ன வயசுலயே ஆரம்பிச்சா நல்லது மேடம்" என்கிறான். சிரித்துவிட்டேன். இந்தப் பாழாய்ப்போன நாளிலும் சிரிப்பு வருகிறது பார். சிரித்த வாயை மூடுவதற்குள் பயம், சிரித்தேனே, இந்த நேரத்தில் அங்கே என்னவோ. அவன் பேசிக்கொண்டே இருக்கிறான், நான் அவன் பேசுவதைக் கேட்காமல் சுகுணாக்கா போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு வரவேண்டும். வரவில்லை. வைத்துவிட்டேன், இன்னும் வரவில்லை. அக்காவுக்குக் குழந்தை இல்லை. விளம்பரக்காரனுக்குக்கூட அது தெரிந்திருக்கிறதா என்ன? சீ, தெரியாது, தெரியாது, இவன் வேறு வரிசைக்காரன். இவ்வளவு நாள் அக்காவுக்குக் குழந்தை இல்லை என்பதை நான் இப்படி நினைத்ததே இல்லை. இன்றைக்கு நினைக்கிறேன். குழந்தை இருக்கிறவளுக்குத்தான் புருசன் முக்கியம் என்று உள்ளே ஒருத்தி, எனக்கே தெரியாத ஒருத்தி, சந்தைக்காரி மாதிரி பேரம் பேசுகிறாள். எங்க பாப்பாவுக்கு இன்னும் மொட்டைகூட எடுக்கலை சாமி, பாத்துப் போடுங்க. வாயை மூடுடி. அக்காவுக்கு அண்ணனை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதையும் அதே ராகத்தில் சொல்லிப்பார், ஏன் வரமாட்டேன் என்கிறது? அண்ணன் நல்ல மனுசன். ஊருக்கு வந்தால் பாப்பாவை மடியில் பிடித்துக்கொண்டு அவள் கையாலேயே வண்டி ஆரனை அடிப்பார், தெருவே திட்டும். அந்த ஆளையா தராசில் அந்தப் பக்கம் வைக்கிறாய் என்று கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே தொட்டிலை ஆட்டினேன். ஆட்டவேண்டிய அவசியமே இல்லை, தூங்குகிறாள்.

சோம்ரா நம்பர் அக்கா போனில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போட்டேன், எடுத்துவிட்டான்! "சோம்ரா, நான் மேகலா, பூபதி, பூபதி வீடு" என்றேன். அவன் மடமடவென்று இந்தியில் கொட்டினான், ஆஸ்பத்திரி என்பது மட்டும் புரிந்தது, அண்ணா என்பது மட்டும் புரிந்தது. எந்த அண்ணா? அவனுக்கு ரெண்டு பேரும் அண்ணாதான். "பூபதியா? தனசேகரா?" என்று கத்தினேன். அவன் இன்னும் வேகமாகச் சொன்னான். நான் இன்னும் சத்தமாகக் கேட்டேன், சத்தமாகக் கேட்டால் தமிழ் புரிந்துவிடும் போல. ரெண்டு பேரும் கத்தி ஓய்ந்து போனை வைத்தோம். பதில் அங்கே இருக்கிறது, அவன் வாயில் இருக்கிறது, அவன் சொல்லியும்விட்டான். சொன்னது என் காதுக்குள் வந்து, அர்த்தம் இல்லாமல் கிடக்கிறது. தெருவில் இந்தி தெரிந்தவர்கள் யார்? ரெண்டு தெரு தள்ளி பட்டாளத்துக்காரர் வீடு உண்டு, அவர் மகளைப் பார்க்க வெளியூர் போயிருக்கிறார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய் பானிபூரிக்காரனிடம் கேட்கலாம், அவன் சாயங்காலம்தான் வருவான். போனை டிரம்மில் வைக்கப் போனேன், என் போன் அடித்தது.

"நமஸ்தே மேம்," ஒரு பெண் குரல், கொஞ்சம் இந்தி. ஆஸ்பத்திரி நர்ஸ் என்றே நினைத்துவிட்டேன். "தமிழ், தமிழ்" என்றேன். "ஓ, தமிழா மேடம்? வணக்கம். விபத்துக் காப்பீடு சம்பந்தமா பேசறோம். உங்க ஹஸ்பெண்டுக்கு எதிர்பாராத விதமா ஒரு விபத்து நடந்துடுச்சுன்னா..." முடிக்க விடவில்லை. என்ன கத்தினேன் என்று எனக்கே முழுசாக நினைவில்லை. நடந்துருச்சு, நடந்துருச்சா இல்லையான்னுதான் காலையில இருந்து உக்காந்திருக்கேன், உங்களுக்கெல்லாம் வேற நாளே கிடைக்கலையா, நீங்க அடிக்க அடிக்க நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன், என் புருசனா அவ புருசனான்னு தெரியாம... அழுகை வந்துவிட்டது. வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். "அக்கா" என்றாள் மெதுவாக. மேடம் போய்விட்டது. "அக்கா, ஸாரிக்கா." அந்த ஸாரியில் என் அழுகை நின்று, மண்டைக்குள் ஒரு லைட் எரிந்தது. "கண்ணு, உனக்கு இந்தி தெரியுமா?" "தெரியும்க்கா, ரெண்டுலயும்தான் பேசறோம்." "வெக்காத. சாமி மாதிரி, வெச்சுறாத. ஒரு ஆளு லைன்ல வருவான், அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு." "அக்கா, இதெல்லாம் ரெக்கார்டு ஆகுது. சூப்பர்வைசர் பின்னாடியே நடக்குறாரு." "ஆகட்டும். உன் பாலிசியைப் பத்தித்தான் கேக்கறேன்னு சொல்லிக்க." அவளைச் சுற்றி ஒரு ஊரே ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. "சரிக்கா. ஆனா கஸ்டமர்கிட்ட பேசற குரல்லயேதான் பேசுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

லைனைச் சேர்க்க எனக்குத் தெரியும், மாமாவும் அண்ணனும் ஊருக்கு வந்து ஆளுக்கொரு பக்கம் போயிருந்தால் நாலு பேரும் ஒரே போனில் கூத்தடிப்போம். அவளைப் பிடித்து நிறுத்திவைத்துவிட்டு சோம்ரா நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன், விரல் வேறு வேறு எண்ணில் விழுந்தது, அழித்து அழித்து அழுத்தினேன். எடுத்தான். சேர்த்தேன். அவள் இந்தியில் என்னவோ கேட்டாள், சிரித்த மாதிரியான குரல், ஆறு வெயிலில் ஓடுகிற மாதிரி. அவன் பேசினான். எனக்கு அதில் புரியக்கூடியது ரெண்டே வார்த்தை, ரெண்டும் பேர். கோழி குஞ்சைத் தேடுகிற மாதிரி அந்த ரெண்டு பேரைத் தேடிக்கொண்டு நின்றேன். பூபதி என்றான். தன்சேகர் என்றான். உடனே பூபதி, பூபதி என்று ரெண்டு தடவை. எதற்கு மாமா பேரை ரெண்டு தடவை சொல்கிறான், அடிபட்டவன் பேரைத்தானே அதிகம் சொல்வார்கள்? அவள் கேட்கிறாள், அச்சா, அச்சா என்கிறாள். இன்னும் கேட்கிறாள். போதும் கண்ணு, எனக்குச் சொல்லு. சொல்லாதே. இப்படியே பேசிக்கொண்டே இருங்கள் ரெண்டு பேரும், சாயங்காலம் வரைக்கும், எனக்குப் புரியாத வரைக்கும் ரெண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். என் கை தொட்டில் கயிற்றைப் பிடித்திருந்தது, விட்டத்துக் கொக்கி கிறீச் கிறீச் என்றது.

"மேடம், நீங்க கேட்ட விவரம் கிடைச்சிருக்கு மேடம்" என்றாள். அதே விற்கிற குரல். "பூபதி சார் நல்லா இருக்காங்க மேடம். அவங்களுக்கு எந்த அடியும் இல்லை. தனசேகர் சாருக்குத்தான் வலது கால்ல ராடு விழுந்திருக்கு மேடம். ஆபரேசன் நடந்துட்டிருக்கு. உயிருக்கு ஆபத்து இல்லைன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, பாதத்தைக் காப்பாத்த முடியாதுன்னும் சொல்லியிருக்காரு. பூபதி சார்தான் ரத்தம் குடுத்திருக்காங்க, ஆஸ்பத்திரிக்குள்ளயே இருக்காங்க." வாய்ப் பழக்கம், பாவம், வந்துவிட்டது. "வேற ஏதாவது உதவி தேவைப்படுதுங்களா மேடம்?" இல்லை கண்ணு என்றேன். நீ நல்லா இருக்கணும் என்றேன். உன் பேர் என்ன என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது, சூப்பர்வைசர் பக்கத்தில் வந்திருப்பார்.

பாப்பாவைத் தொட்டிலிலிருந்து அள்ளினேன், தூங்குகிறவளை. கழுத்தில் முகத்தை வைத்து முத்தம் முத்தமாகக் கொடுத்தேன், அப்பா நல்லா இருக்காருடி, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடி. அவள் வீல் என்று அழுதாள், நான் சிரித்தேன். சுற்றிச் சுற்றி வந்தேன் அந்தச் சின்ன அறைக்குள். சந்தோசம் முதலில் வந்துவிட்டது. வராதே, இரு, என்று சொல்ல எனக்கு நேரமே கிடைக்கவில்லை, அணை திறந்த தண்ணீர் மாதிரி வந்து நிரம்பிவிட்டது. அப்புறம்தான் டிரம் மேல் இருந்த அந்த ரப்பர் பேண்டு போட்ட போன் கண்ணில் பட்டது. பாதம். லாரி ஓட்டுகிற ஆளுக்கு வலது பாதம். பிரேக்கை எதில் மிதிப்பார்? நான் நின்றுவிட்டேன். பாப்பா அழுதுகொண்டே இருந்தாள். போய்ச் சொல்லவேண்டும். மாரப்பண்ணன் சொல்லட்டுமே, ஆபீஸ் வேலைதானே அது? இல்லை, எதுல வந்தாலும் எடு என்று என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். நான்தான் எடுத்தேன். முகத்தைக் கழுவினேன், பாப்பாவை இடுப்பில் வைத்தேன், ரெண்டு போனையும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். தெருவில் நடக்கும்போது எப்படிச் சொல்வது என்று அடுக்கினேன். உயிருக்கு ஒண்ணுமில்லக்கா என்று ஆரம்பிக்கலாம். உயிருக்கு என்றாலே புரிந்துவிடும். எங்க மாமா ரத்தம் குடுத்திருக்காருக்கா என்று ஆரம்பிக்கலாம். அது என்னவோ நாங்கள் உதவி செய்த மாதிரி. எப்படி ஆரம்பித்தாலும் முதல் வார்த்தையிலேயே என் புருசன் தப்பித்த விசயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பட்டறை முனை திரும்பும்போதே சத்தம் ஆரம்பித்துவிட்டது, தடக் தடக் தடக், உள்ளே போனால் அது காதில் இல்லை, பல்லில் கேட்கும். பஞ்சுத் தூசியில் டியூப் லைட்டெல்லாம் மங்கித் தெரிந்தன. கடைசி வரிசையில் அக்கா, அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பாப்பாதான் முதலில் அவளைப் பார்த்துக் கையை நீட்டினாள். அக்கா நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கழுவிய முகத்தில் அந்தச் சந்தோசம் இன்னும் எங்கேயோ ஒட்டியிருந்திருக்கவேண்டும், தெருவெல்லாம் துடைத்துக்கொண்டுதான் வந்தேன். அக்கா முகம் அப்படியே மலர்ந்தது. காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை விடுகிற மாதிரி தோள் ரெண்டும் இறங்கின. நெஞ்சில் கையை வைத்து, சத்தம் கேட்காத இடத்தில் நாங்கள் பேசுகிற மாதிரி வாயை மட்டும் அசைத்தாள். நல்லா இருக்காங்களா, ரெண்டு பேரும்? சிரித்தாள். நான் தலையை ஆட்டவில்லை. ஆட்டாமல் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை, சிரித்துக்கொண்டே பாப்பாவுக்குக் கையை நீட்டினாள். நான் பாப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, தறியின் கைப்பிடியை நானே இழுத்து நிறுத்தினேன். மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் பார்வை அந்தச் சிரிப்போடு என் கையிலிருந்து என் முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றது. காதருகே வாயை வைத்து, "அக்கா, வெளிய வாங்க" என்றேன்.